இரவல் பூப்பாத்தி

ஜெயலெட்சுமிக்குப் பூச்செடி என்றாலே ஆகாது. பூச்செடிக்கும் அவளை ஆகாது. அவள் ஊன்றி வைத்த ரோசாக் கொப்பு துளிர்த்ததாகத் தெமோதரைப் பக்கத்தில் ஒருத்தரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். வீட்டு முன்னால் கிடக்கிற துண்டு நிலத்தில் வேலி கட்டிக் காய்கறி வைப்பாள்: போஞ்சி போடுவாள், லீக்ஸ் போடுவாள், நோக்கோல் போடுவாள். அதெல்லாம் மளமளவென்று வரும். "பூவ வறுத்துத் திங்கவா முடியும்?" என்பது அவள் கட்சி. அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரே வாரத்தில் ஒரு பூந்தோட்டம் தேவைப்பட்டது. தலையெழுத்தைப் பாருங்கள்.

வினை மகள் வழியாக வந்தது. விதுர்ஷா பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பக்கத்துப் பலசரக்குக் கடை முதலாளியின் மகன் துஷாந்துக்குத் திடீரென்று தலைவலி வரத் தொடங்கியது. காலையில் ஒரு தலைவலி, கடை அடைக்கும் நேரம் ஒரு தலைவலி. இது மாத்திரையில் நிற்கிற தலைவலி இல்லை, கல்யாணத்தில்தான் நிற்கும் என்று கடைசியில் இரண்டு பேருமே தீர்மானித்துக்கொண்டார்கள்.

பையன் நல்ல பையன்தான். அதில் ஒரு சொட்டை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் அம்மா சந்திரகாந்திக்குப் பூ என்றால் உயிர். கடைக்கு மேலே மொட்டைமாடி முழுக்கச் சட்டி சட்டியாக வளர்த்து வைத்திருக்கிற மனுஷி. தேயிலைத் தோட்டத்துப் பெண் என்றதும் அம்மா முகத்தைச் சுளித்துவிடுவாளோ என்று பயந்த மகன், முந்திக்கொண்டு அவிழ்த்துவிட்டான். "அவங்க வீட்டு முன்னால பெரிய பூந்தோட்டமே இருக்கும்மா. எல்லாம் விதுர்ஷா கையால வச்சது."

அம்மா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட அந்த மடையன், அதற்கப்புறம் வாய் திறந்த போதெல்லாம் அந்தத் தோட்டத்தில் இன்னும் இரண்டு செடி நட்டுக்கொண்டே போனான். ஒருநாள் சந்திரகாந்தி சொன்னாள்: "வாற ஞாயித்துக்கிழமை போய் அந்தத் தோட்டத்தப் பாத்துட்டு வருவோம்." பெண்ணைப் பார்த்துவிட்டு என்று சொல்லவில்லை, கவனியுங்கள். தோட்டத்தை.

சேதி வந்ததும் ஜெயலெட்சுமி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, நம்ம வீட்டுல பூந்தோட்டம் எங்கடி இருக்கு? போஞ்சிக் கொடிக்கு மல்லியப்பூ கட்டித் தொங்க விடவா?"

"நான் சொல்லலம்மா. அவருதான் சொல்லிட்டாரு."

"அவரு சொன்னா, நீ இல்லன்னு சொல்றதுக்கு வாயில்லையா?"

"இப்பப் போய் இல்லன்னா அவரு பொய்க்காரனாயிடுவாரும்மா. இதான் சாக்குன்னு அந்தம்மா வேணாம்னு சொல்லிருவாங்க." விதுர்ஷாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே எதற்கும் அழாத பெண். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

ஜெயலெட்சுமி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். அவள் மகள் இதுவரை எவனையும் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குச் சிரிக்கிறாள். ஒரு பூச்செடி இல்லாத குறைக்கு இந்தச் சிரிப்புப் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன் நல்லையா தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து நிறுக்கிறவர், வாயையும் நிறுத்துத்தான் திறப்பார். "உண்மையச் சொல்லிருவோமே" என்றார்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த முடின்னு சும்மாவா சொன்னாங்க? நாம ஒண்ணே ஒண்ணுதான் சொல்றோம். மம்பட்டிய எடுங்க."

அவர்கள் இருப்பது சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் இல்லை. தனி வீடு கட்டிக் கொடுத்த புது வரிசையில். வீட்டுக்கு வீடு முற்றம் உண்டு. ஆனாலும் அந்த வரிசைப் பெண்கள் பூச்செடியைத் தரையில் வைப்பதில்லை. ஆடு விடுமா? அதனால் பால்மா டின், பிஸ்கட் டின், பெயின்ட் வாளி என்று எது கிடைக்கிறதோ அதில் வைத்து, மதிலிலும் தண்ணீர்த் தொட்டி மேலும் ஏற்றி வைத்திருப்பார்கள். ஜெரேனியம், பிகோனியா, செவ்வந்தி, ரோசா, எல்லாம் இருக்கும். அத்தனையும் ஒரு காலத்தில் தொரை பங்களாவிலிருந்து வந்த வம்சம்தான். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பூச்செடியைக் கேட்டு வாங்கினால் நிற்காது, களவெடுத்து நட்டால்தான் நிற்கும் என்பது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்களாவுக்குள் புல் வெட்டப் போனவள் வெறும் கையோடு திரும்பினால்தான் அதிசயம்.

இந்தச் செடிகளுக்கெல்லாம் ராணி, எதிர் வீட்டுக் கம்சலாவின் டேலியா. ஒரு பெரிய பெயின்ட் வாளியில் நிற்கும். சோற்றுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். நல்ல கறுஞ்சிவப்பு, நுனியில் மட்டும் வெள்ளை. வரிசையில் பாதிப் பேர் அதன் கிழங்கில் ஒன்றைக் களவெடுத்து நட முயற்சி பண்ணித் தோற்றவர்கள். கம்சலா அந்த வாளியைப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். பிள்ளையைக்கூட அப்படிப் பார்ப்பதில்லை என்று அவள் புருஷன் சொல்கிறான்.

ஜெயலெட்சுமி வீடு வீடாக ஏறி இறங்கினாள். விதுர்ஷாவின் கல்யாணம் என்றதும் எல்லாப் பெண்களும் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கம்சலா மட்டும் மதிலோரமாக நின்று யோசித்தாள்.

"தாறேன்க்கா. ஆனா வேர்ல கை வைக்கக்கூடாது. பூத்து நிக்கிற செடியப் புடுங்கி நட்டா மறுநாளே தல தொங்கிரும். வாளியோட எறக்கணும், வாளியோடயே எடுத்துத் தரணும்."

அதைக் கேட்டதும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான், டின்னோடு போய் டின்னோடு வரணும். மாறிப் போகாமலிருக்க ஒவ்வொருத்தியும் தன் டின்னில் தன் பேரை நகப்பூச்சால் எழுதியும் வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நடவு தொடங்கியது. ஜெயலெட்சுமி போஞ்சியை ஒரு பக்கமாக ஒதுக்கி, முற்றத்தைக் கொத்திவிட்டு நின்றாள். பூப்பாத்தி எப்படி இருக்கும் என்று அவளுக்கு எங்கே தெரியும்? அவளுக்குத் தெரிந்த நடவு தேயிலை நடவு ஒன்றுதான். கயிற்றைப் பிடித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நேர்க்கோடு போட்டாள். இடைவெளிக்குக் குச்சி வெட்டினாள். நல்லையா குழி வெட்ட, பெண்கள் டின்னை இறக்க, இவள் கங்காணி மாதிரி வரம்பில் நின்று அதட்டினாள்.

"அந்த ஜெரேனியம் வரிசைய விட்டு வெலகுது, உள்ள தள்ளு! டின்னு வாய் தெரியுது பாரு, மண்ண அணை! ஏ புள்ள, கொழுந்தா ஆய்ற, பூவுல கை வைக்காத!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர்கள் பால்மா டின்னை மண்ணில் மறைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். டின் விளிம்புகளின் மேல் மண்ணைத் தூவி, காய்ந்த இலையைப் பரப்பி, தண்ணீர் தெளித்ததும், அட, தோட்டம் வந்துவிட்டது! நடுவில் கம்சலாவின் டேலியா. அத்தனை பேரும் தள்ளி நின்று பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தேயிலை மலை பூத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை வேன் வந்து நின்றது. முன்னால் துஷாந்த் இறங்கினான். தோட்டத்தைப் பார்த்ததும் அவனுக்குக் கண் பிதுங்கிவிட்டது. தான் சொன்ன பொய் இப்படிப் பூத்துக் குலுங்கும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. பின்னால் சந்திரகாந்தி இறங்கினாள். பட்டுச்சேலை, தோளில் பெரிய ஹேண்ட்பேக், மூக்கு நுனியில் கண்ணாடி.

"வாங்கம்மா, வாங்க. வழியெல்லாம் சொகமா வந்தீங்களா?"

"ம்." அவள் பார்வை பாத்தி மேல் இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் போய், டேலியாவில் வந்து நின்றது. முகம் இருண்டுவிட்டது.

ஜெயலெட்சுமிக்குப் பகீரென்றது. போதாதோ? இன்னும் நாலு டின் கேட்டிருக்கலாமோ? "எல்லாம் எங்க விதுர்ஷா வச்சதுதாங்கம்மா" என்று எடுத்துவிட்டாள்.

"அப்படியா? கொழுந்து மலை மாதிரி வரிசையா வச்சிருக்கு."

"அவளுக்கு ஒழுங்குன்னா ஒழுங்கு. வெடிஞ்சா பூவு, பொழுதுபோனா பூவு. வேலையால வந்து தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டா, மொதல்ல செடிக்குத் தண்ணி ஊத்தணும்."

சந்திரகாந்தியின் முகம் இன்னும் கறுத்தது. ஜெயலெட்சுமி இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். "காஞ்ச குச்சிய ஊன்டினாக்கூட அவ கைக்கு வந்துரும். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுச் செடியெல்லாம் அவளே பாத்துக்குவா." இதைக் கேட்டதும் அந்த அம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த வெளிச்சமும் அணைந்துவிட்டது. என்ன மனுஷியப்பா இவள், தேனைத் தடவினால் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி பார்க்கிறாளே என்று ஜெயலெட்சுமிக்கு உள்ளுக்குள் கோபமே வந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. டின் கொடுத்தவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளுமா? சீனி இரவல் கேட்டு ஒருத்தி வந்தாள். சுளகு கேட்டு இன்னொருத்தி வந்தாள். கேட்டதை வாங்காமலே போகிற வழியில் தன் செடியைத் தடவிவிட்டுப் போனார்கள். கம்சலா இதுவரை எட்டிப் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

"யாரு அது, அடிக்கடி வாறது?" என்றாள் சந்திரகாந்தி.

"அவளுக்கும் பூவுன்னா உசுருங்கம்மா. விதுர்ஷாகிட்ட படிக்க வருவா." சொல்லிவிட்டு ஜெயலெட்சுமி பின்கதவால் போய்க் கம்சலாவின் கையில் இரண்டு வடையைத் திணித்தாள். "போய்த் தொல புள்ள. நீயே காட்டிக் குடுத்துருவ போல. ஒன் வாளிக்கு நான் பொறுப்பு." கம்சலா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி தன் வீட்டுக்குப் போனாள்.

கேசரி வந்தது, வடை வந்தது. சந்திரகாந்தி வடையைக் கிள்ளினாளே தவிர வாயில் வைக்கவில்லை. விதுர்ஷா நாற்காலி நுனியில் உட்கார்ந்து விரலை நொடித்துக்கொண்டிருந்தாள். துஷாந்துக்கு இப்போது உண்மையாகவே தலைவலி. நல்லையா மழையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார்.

"இங்க போனுக்கு சிக்னல் வராதா? கடைக்கு ஒரு சேதி சொல்லணும். வெளிய போய்ப் பேசிட்டு வாறேன்" என்று சந்திரகாந்தி எழுந்தாள். ஹேண்ட்பேக்கையும் எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள் ஜெயலெட்சுமி. ஆளைக் காணோம், பேச்சுச் சத்தமும் இல்லை. கோபித்துக்கொண்டு வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாளோ? தேத்தண்ணிக் கோப்பையைச் சாக்காக எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்தி நடுவில் குந்தியிருந்தாள் சந்திரகாந்தி. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சிவப்பு மண். டேலியாவின் அடியில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கிழங்குதான் குறி, வேறென்ன? விரல் விளிம்பில் இடித்தது. அவள் வேராக்கும் என்று நினைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வாளி பொளக்கென்று வெளியே வந்து, சந்திரகாந்தியும் பின்பக்கமாக உட்கார்ந்தாள். மடியில் டேலியா.

கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் ஒருத்தர்தான் பிடிபடுவார். இங்கே இரண்டு பேர். ஒருத்தி வாளியோடு, ஒருத்தி கோப்பையோடு. யார் யாரைக் கேட்பது?

"இது என்னாது?" என்றாள் சந்திரகாந்தி, வாளியைக் காட்டி.

"நீங்க என்னா செய்றீங்க?" என்றாள் ஜெயலெட்சுமி.

சந்திரகாந்தி கண்ணாடியைச் சரிசெய்து வாளியைத் திருப்பினாள். "கம்சலான்னு எழுதியிருக்கு. விதுர்ஷாகிட்ட படிக்க வாறவளா?"

ஜெயலெட்சுமிக்கு ஒரு ரோசம் வந்தது பாருங்கள். கோப்பையை வரம்பில் வைத்துவிட்டு, குனிந்து ஒரு செவ்வந்தியைப் பிடுங்கினாள். டின். ஒரு பிகோனியாவைப் பிடுங்கினாள். டின்.

"பாத்துக்கங்க. ஒண்ணுகூட எங்களுது இல்ல. எல்லாம் இரவல். ஒங்க மகன் சொன்ன வார்த்தைய மெய்யாக்கத்தான் இந்தக் கூத்து. எம் மகளுக்குப் பூ வளர்க்கத் தெரியாது. எனக்கும் தெரியாது." பிகோனியா டின்னை வரம்பில் இறக்கினாள். "அதுக்காக அவள வேணாம்னு சொல்லிறாதீங்கம்மா. ஒங்க மகன் மேல உசுரையே வச்சிருக்கா. பொய் சொன்னது நான்தான், அவ இல்ல."

சந்திரகாந்தி மடியில் கிடந்த டேலியாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பூ வளர்க்கவே தெரியாதா?"

"தெரியாதுங்க."

"துளிகூட?"

"கடையில விக்கிற கள்ளிச்செடி ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அதையே தண்ணி ஊத்திச் சாகடிச்சா."

சந்திரகாந்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பார்த்தால், சிரிக்கிறாள். மண்ணில் உட்கார்ந்தபடியே, கண்ணாடி நழுவ நழுவச் சிரித்தாள்.

"அடப்பாவி மகனே! எனக்கு வயிறு எப்படி எரிஞ்சுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? அந்த மொட்டைமாடி ஒண்ணுதான் எனக்குன்னு இருக்குது. கீழ எல்லாம் கடை. அரிசி மூட்டைக்கும் சண்டைக்கும் நடுவுல நான் மூச்சு விடுறதே அந்தச் சட்டிகளுக்கு மத்தியிலதான். இவன் என்னடான்னா, விதுர்ஷா தோட்டம், விதுர்ஷா கைராசின்னு நித்தம் அதே பாட்டு. வாறவ மறுநாளே என் சட்டியெல்லாம் மாத்தி வைப்பா, அப்புறம் நான் எங்க போவேன்? இன்னைக்கு வந்து ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடணும்னுதான் வந்தேன். நீங்க வேற வாசல்லயே, எல்லாச் செடியையும் அவளே பாத்துக்குவான்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

ஜெயலெட்சுமி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ஊரையே திரட்டி, குழி வெட்டி, கயிறு பிடித்து, மகளின் கல்யாணத்தைத் தானே டின் டின்னாகப் புதைத்திருக்கிறாள்! அது உறைத்த மறு கணமே அவள் புத்தி திரும்பிக்கொண்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். அந்தக் காக்கை இப்போது தன் குஞ்சை இறகு இறகாகப் பிய்க்கத் தொடங்கியது.

"சட்டியத் தொடவே மாட்டாம்மா. தண்ணி ஊத்தச் சொன்னாக்கூட ஊத்த மாட்டா. மண்ணுன்னாலே அருவருப்பு. மல்லிக்கும் முல்லைக்கும் வித்தியாசம் தெரியாது. மொட்டைமாடி ஏறச் சொன்னா கால் வலிக்குதும்பா."

"மெய்யாவா?" சந்திரகாந்தியின் முகம் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிட்டது.

"மாரியம்மா மேல சத்தியமா. சுத்தச் சோம்பேறிங்கம்மா!"

இதைக் கேட்டபடி வாசலில் நின்றாள் விதுர்ஷா. அம்மாவைத் தேடி வந்தவள். பெற்ற தாயே வந்தவளிடம் தன்னை இப்படித் தாளிப்பதைக் கேட்டு அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அம்மா!" என்றாள்.

"நீ சும்மா நில்லுடி. ஒன்னப் பத்தி நல்லதாத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

சந்திரகாந்தி இப்போது வாளியைப் பார்த்தாள். இழுத்த இழுப்பில் மண் சரிந்து, டேலியாக் கிழங்கு கொத்தாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெயலெட்சுமியைப் பார்த்தாள். கேட்கவில்லை, கேட்டு வாங்கினால் நிற்காதே. ஜெயலெட்சுமி மெதுவாகத் திரும்பி நின்று, எதிரே மலையில் ரயில் பாதை போகிற திசையை வெகு கவனமாகப் பார்த்தாள். பின்னால் பொட்டென்று ஒரு சத்தம். அப்புறம் ஹேண்ட்பேக் ஜிப் இழுபடுகிற சத்தம்.

"இங்க வாம்மா" என்று விதுர்ஷாவைக் கூப்பிட்டாள் சந்திரகாந்தி. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெரிய டேலியாப் பூவைக் காம்போடு ஒடித்தாள். விதுர்ஷாவின் தலையில் வைத்தாள். பாதித் தலையை மறைத்தது பூ. மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் மாற்றுக் கிடையாது. விதுர்ஷா ஒன்றும் புரியாமல் குனிந்து காலைத் தொட்டாள். ஜெயலெட்சுமிக்குக் கண்ணீர் தடையில்லாமல் வந்தது.

"ஐயோ, எம் பூவு!"

எதிர் வீட்டிலிருந்து கம்சலா ஓடி வந்தாள். ஒரு கையில் பாதி வடை. வந்த வேகத்தில் விதுர்ஷாவின் தலைக்குக் கை நீண்டது, பாதி வழியில் நின்றது. வைத்த பூவை யார் எடுக்க முடியும்? நாலு பேர் வாய்க்குப் பயந்து கையை இறக்கி, அப்படியே வாளியின் பக்கம் குனிந்தாள். மண்ணை விலக்கினாள். விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"கிழங்கு ஒண்ணு கொறையுதேக்கா?"

சந்திரகாந்தி ஹேண்ட்பேக்கைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு வானத்தில் மழை வருமா என்று பார்த்தாள்.

"எலியா இருக்கும் புள்ள" என்றாள் ஜெயலெட்சுமி. பூ வைத்தாயிற்று. இனி சம்பந்தியைக் காட்டிக் கொடுக்க முடியுமா?

"நம்ம வரிசையில எலி ஏதுக்கா? வீட்டுக்கு வீடு பூனை நிக்குது."

"டவுன்லருந்து வந்திருக்கும்" என்றாள் ஜெயலெட்சுமி.